காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைத் திறக்கக் கிராக் தேடினேன், மின்னஞ்சல் கணக்கே பறிபோனது. எப்படி நுழைந்தார்கள்?

கேள்வி: ஒலித்தொகுப்பாளர்

வணக்கம். நான் ஒலிநூல்களைத் தொகுப்பவள். வாசிப்பவர் பதிவு செய்து அனுப்பும் குரலிலிருந்து மூச்சு, நாக்குச் சத்தம், அறை இரைச்சல் எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தமாக்கிக் கொடுப்பது என் வேலை. பதினோரு வருடமாக இதில்தான் இருக்கிறேன்.

இரைச்சல் நீக்க ஒரு பிளக்-இன் (ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் பொருத்துகிற சிறு நிரல்) வைத்திருந்தேன். சந்தா கிடையாது. ஒரே தடவை பணம் கட்டி வாங்கியது, லைசென்ஸில் "நிரந்தரம்" என்றே போட்டிருந்தது. அதைச் செய்த சிறிய நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. வாங்கியவர்கள் பழைய பதிப்பின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். என் கணினியில் முன்பே ஆக்டிவேட் ஆகியிருந்ததால் அது ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு விஷயமே தெரியவில்லை. டிஸ்க் பழுதாகிப் புதியது போட்ட அன்றுதான் தெரிந்தது. ரசீது இருக்கிறது, சீரியல் எண் இருக்கிறது, இன்ஸ்டாலர்கூட பத்திரமாக இருக்கிறது. எண்ணைச் சரிபார்க்கிற சர்வர்தான் இல்லை. எழுதிக் கேட்டேன். சந்தாத் திட்டத்தில் முதல் மாதம் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. சந்தாப் பதிப்பிலோ என் பழைய கோப்புகளின் அமைப்புகள் திறப்பதில்லை.

அந்த வாரம் பார்த்து ஒரு பதிப்பகத்திலிருந்து அழைப்பு. இரண்டு வருடத்துக்கு முன் முடித்துக் கொடுத்த நூலில் ஒரு பெயரின் உச்சரிப்பு தவறு, அந்த அத்தியாயத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றார்கள். கோப்பைத் திறந்தேன். பிளக்-இன் இருந்த இடத்தில் வெற்றுப் பெட்டி. குரலுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றுகிற சத்தம் அப்படியே கேட்டது.

அன்று இரவு கிராக், அதாவது லைசென்ஸ் பூட்டை உடைக்கிற நிரல், தேடினேன். கிடைத்தது ஒரு ஜிப் கோப்பு. திறக்க நான்கு எழுத்துப் பாஸ்வேர்ட். பக்கத்திலேயே "ஆண்டிவைரஸ் இதைத் தவறாகப் பிடிக்கும், அணைத்துவிட்டு நிறுவவும்" என்று எழுதியிருந்தது. அணைத்தேன். பிளக்-இன் நன்றாகவே வேலை செய்தது. அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பிவிட்டு, ஆண்டிவைரஸை மறுபடி போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

மூன்றாம் நாள் காலை நாற்பது பேருக்கு என் முகவரியிலிருந்து மின்னஞ்சல் போயிருந்தது. "திருத்திய பில் இணைப்பில்" என்று என் நடையிலேயே, என் கையொப்பத்தோடு. இரண்டு பேர் திறந்துவிட்டார்கள். எனக்குப் புரியாதது இதுதான்: என் பாஸ்வேர்ட் மாறவில்லை. இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்கிறேன், ஆனால் ஓடிபி எதுவும் வரவில்லை. புதிய கருவியிலிருந்து லாகின் என்ற அறிவிப்புகூட வரவில்லை. எப்படி நுழைந்தார்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னை நம்பிக் கோப்பு அனுப்புகிறவர்களை மாட்டிவிட்டேன். ஆனால் நான் பணம் கட்டிய பொருளைப் பூட்டிவிட்டுப் போனவர்களுக்கு இதில் பங்கே கிடையாதா?

பதில்: கணினி சுத்தம் செய்பவன்

முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். அந்தக் கணினியிலிருந்து எந்தக் கணக்கிலும் நுழையாதீர்கள். வேறொரு கணினியோ போனோ எடுத்து, மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றி, "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள். பாஸ்வேர்ட் மாற்றத்தைவிட இதுதான் முக்கியம். அப்புறம் மின்னஞ்சல் அமைப்புகளில் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதாவது முளைத்திருக்கிறதா, மீட்பு முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஒரு மாதம் கழித்து அதே ஆள் திரும்ப வருகிறான். கணினியைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போடுங்கள். ஆண்டிவைரஸ் "எதுவும் இல்லை" என்று சொன்னாலும் போடுங்கள்.

எப்படி நுழைந்தார்கள் என்றால்: நீங்கள் பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனதும் சர்வர் உங்கள் பிரவுசருக்கு ஒரு சீட்டு கொடுக்கிறது. அதுதான் செஷன் குக்கி. அடுத்த முறை நீங்கள் வரும்போது பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விடுவது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். அது கணினியில் ஒரு கோப்பாக இருக்கிறது. கிராக்கோடு வந்த நிரல் அதை நகலெடுத்து அனுப்பிவிட்டது. அவர்கள் கதவைத் தட்டவே இல்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஆளாகத்தான் சர்வருக்குத் தெரிந்தார்கள். அதனால்தான் ஓடிபியும் வரவில்லை, அறிவிப்பும் வரவில்லை. இந்த வகை நிரல்களை இன்ஃபோஸ்டீலர் என்பார்கள். அவற்றில் பெயர்பெற்ற ரெட்லைன் என்பதன் சர்வர்களை 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து முடக்கியது. அந்த இடத்தை வேறு பெயர்கள் பிடித்துக்கொண்டன.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவை குறியாக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் உங்கள் பெயரில் ஓடுகிற நிரல் கேட்டால் விண்டோஸ் திறந்து கொடுத்துவிடும். 2024-இல் குரோம் 127-ஆம் பதிப்பிலிருந்து இதற்குக் கூடுதல் பூட்டு ஒன்று வந்தது. சில மாதங்களிலேயே அதையும் சுற்றிப் போக வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜிப்புக்கு ஏன் பாஸ்வேர்ட் போட்டிருந்தார்கள் தெரியுமா? வழியில் சோதிக்கிற பெரும்பாலான கருவிகளால் உள்ளே பார்க்க முடியாது என்பதற்காக. ஆண்டிவைரஸை அணைக்கச் சொன்னது மீதி வேலையை முடித்துவிட்டது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சுத்தமான கிராக்கைக்கூட ஆண்டிவைரஸ் பிடிக்கும், அது நிரலை மாற்றுகிற கருவி என்பதால். அதனால் "அணைத்துவிடு" என்பது நியாயமான அறிவுரை போலவே தெரியும். கிராக்கை எழுதியவன் நல்லவனாகவே இருக்கலாம், ஆனால் அதை மறுபடி பொட்டலம் கட்டித் தளத்தில் போட்டவன் வேறொருவன். ஸ்டாப் அல்லது டிஜேவு என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற நிரல்) வீட்டுக் கணினிகளில் பரவியது பெரும்பாலும் இந்தப் பொட்டலங்கள் வழியாகத்தான். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதற்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பழைய வகைகளுக்குப் பலன் இருந்தது, பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. குடும்பப் படங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கிற டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களிடம் "ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இலவச மென்பொருளுக்கும் இது பொருந்தும். ஐபோன் செயலிகளை எழுதப் பயன்படும் ஆப்பிளின் எக்ஸ்கோடு இலவசம்தான். ஆனால் சீனாவில் அதிகாரபூர்வ இடத்திலிருந்து இறக்க வெகுநேரம் ஆனதால், 2015-இல் சில நிரலாளர்கள் வேறு தளத்தில் கிடைத்த பிரதியை எடுத்தார்கள். அதில் கலப்படம். அவர்கள் கட்டிய செயலிகள் எல்லாம் கலப்படத்தோடேயே ஆப் ஸ்டோருக்குள் போயின, அங்கே பிரபலமான வீசாட் என்ற அரட்டைச் செயலியின் ஒரு பதிப்பு உட்பட. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் கேள்வி, பணம் கட்டினோமா இல்லையா என்பதல்ல.

பதில்: நேர்வழி

உங்கள் மேல் இரக்கம் இருக்கிறது. ஆனால் கடைசிக் கேள்வியை ஏற்க முடியவில்லை. நிறுவனம் ஏமாற்றினால் நுகர்வோர் மன்றம் இருக்கிறது, வேறு மென்பொருள் இருக்கிறது. கிராக் எடுத்த நிமிடத்தில் உங்கள் பக்க நியாயம் போய்விட்டது. நாற்பது பேருக்குப் போன மின்னஞ்சலை அந்த நிறுவனம் அனுப்பவில்லை.

பதில்: தனியாக மென்பொருள் எழுதுபவர்

நான் மறுபக்கத்தில் இருப்பவன். நூலக அட்டவணை தயாரிக்கிற ஒரு சிறிய மென்பொருளைப் பத்தொன்பது வருடமாக எழுதி விற்று வருகிறேன். வீட்டுச் செலவு முழுக்க அதிலிருந்துதான். அதனால் திருட்டுப் பிரதி என்றால் எனக்கு வலிக்கும், அதை மறைக்கப் போவதில்லை. இது இன்று தொடங்கிய வலியும் இல்லை. 1976 பிப்ரவரியிலேயே பில் கேட்ஸ் கணினியைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற ஆரம்பகாலக் கணினிக்கு நாங்கள் எழுதிய பேசிக் நிரல்மொழியைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலானோர் வாங்கவே இல்லை, ஆல்டேர் உரிமையாளர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று. அந்தக் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்காது. ஆனால் எழுதிய கையின் எரிச்சல் எனக்குத் தெரியும்.

இருந்தாலும் என் அனுபவத்தில் இரண்டு சம்பவங்கள் என் எண்ணத்தை மாற்றின.

முதலாவது: என் லைசென்ஸ் சரிபார்க்கிற சர்வரின் சான்றிதழ் ஒரு சனிக்கிழமை காலாவதியானது. நான் பயணத்தில் இருந்தேன். பணம் கட்டிய எல்லோருக்கும் மென்பொருள் பூட்டிக்கொண்டது. ஒரு நூலகத்தில் அன்று கணக்கெடுப்பு. ஞாயிறு மாலைதான் என்னால் சரிசெய்ய முடிந்தது. திங்களன்று மன்னிப்புக் கேட்டு ஒவ்வொருவரையும் அழைத்தபோது ஒருவர் சொன்னார்: "பக்கத்து ஊர் நூலகத்தில் கிராக் பதிப்புதான், அங்கே எந்தத் தடங்கலும் இல்லை." அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் போட்ட பூட்டு எனக்குக் காசு கொடுத்தவர்களை மட்டுமே தடுத்தது.

இரண்டாவது: கோப்பைத் திறக்கிற பகுதியில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சூழ்ச்சியாகச் செய்த ஒரு கோப்பைத் திறந்தாலே கணினி பிறர் கைக்குப் போகும் அளவுக்கு மோசமானது. திருத்தம் எழுதினேன். களவுபோன சீரியல் எண்கள் எவை என்று எனக்குத் தெரியும், அவற்றுக்கு மட்டும் திருத்தம் போகாமல் தடுக்க ஒரு வரி போதும். இரண்டு நாள் யோசித்தேன். நூலகங்கள் ஒன்றுக்கொன்று அட்டவணைக் கோப்புகளை அனுப்பிக்கொள்ளும். திருத்தம் கிடைக்காத ஒரு நூலகத்திலிருந்து கெட்ட கோப்பு கிளம்பினால் அது என் வாடிக்கையாளரின் மேசைக்குத்தான் வரும், அவர் கணினி பாதுகாப்பாக இருந்தாலும் அங்கிருந்து வருகிற போலி மின்னஞ்சல் அவரை ஏமாற்றும். எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஒரு நிபந்தனையும் போடவில்லை: அந்தத் திருத்தத்தில் புதிய வசதி கிடையாது, லைசென்ஸ் சோதனையும் கிடையாது. அதை வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினேன். காரணம் எளிது. களவுப் பிரதி வைத்திருப்பவர் அப்டேட்டை அணைத்துவைப்பது, அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில். அந்தப் பயம் போனால்தான் திருத்தத்தைப் போட்டுக்கொள்வார்.

வானாக்ரை என்ற ரேன்சம்வேர் நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் கொடுத்துவிட்டது. தாக்குதல் மே 12. இடையில் எட்டு வாரம். மருத்துவமனைகள் வரை நின்றுபோனது திருத்தம் இல்லாததால் அல்ல, திருத்தம் கணினிக்குப் போய்ச் சேராததால். அது போய்ச் சேராமல் இருக்கப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒரு காரணத்தையாவது என் கையால் உண்டாக்கக் கூடாது என்று நினைத்தேன்.

நேர்வழி அவர்களுக்கு: அந்த மின்னஞ்சலை நிறுவனம் அனுப்பவில்லை என்பது சரிதான். ஆனால் "நிரந்தரம்" என்று எழுதி விற்றுவிட்டு, சர்வரை மூடும்போது இணையம் இல்லாமலே திறக்கிற ஒரு கடைசிச் சாவியைக்கூடக் கொடுக்காமல் போவது எனக்குத் தெரிந்த வேலை ஒழுக்கம் அல்ல. அந்தச் சாவியை உருவாக்க எனக்கு ஒரு மதியம் போதும்.

பதில்: ஓய்வுபெற்ற சிஸ்டம் அட்மின்

இது சின்ன நிறுவனங்களின் பிரச்சினை மட்டும் இல்லை. வாங்கியவன் கஷ்டப்படுவது பழைய கதை. 2005-இல் சோனி பிஎம்ஜி தன் இசைத் தட்டுகளில் நகல் தடுக்க ஒரு நிரலை வைத்தது. தட்டைக் கணினியில் போட்டால் அது தானே உட்கார்ந்துகொள்ளும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட ஐந்து எழுத்தில் பெயர் தொடங்குகிற எந்தக் கோப்பும் விண்டோஸில் கண்ணுக்கே தெரியாது. மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் தன் கணினியைச் சோதிக்கும்போது அதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று எழுதினார். சில நாட்களில் வைரஸ் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளுக்கும் அதே ஐந்து எழுத்தை வைத்து ஒளிந்துகொள்ளத் தொடங்கினார்கள். நீக்குவதற்கென்று கொடுத்த கருவியே புதிய ஓட்டையைத் திறந்தது. கடைசியில் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். பாட்டைத் திருட்டுத்தனமாக இறக்கியவன் கணினியில் இது எதுவும் நடக்கவில்லை. தட்டைக் காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில்தான் நடந்தது.

அப்டேட்டின் மேல் மக்களுக்கு ஏன் நம்பிக்கை போனது என்று மேலே சொன்னதற்கு ஓர் உதாரணம். 2006-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு "இது அசல் பிரதிதானா" என்று சோதிக்கிற ஒரு நிரல், பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற அதே வழியில் வந்தது. அது தினமும் மைக்ரோசாஃப்டைத் தொடர்புகொள்கிறது என்பது பின்னால்தான் வெளிப்பட்டது. எதிர்ப்பு வந்ததும் குறைத்தார்கள். 2007 ஆகஸ்டில் அந்தச் சோதனைச் சர்வர் பிசகி, அசல் பிரதி வைத்திருந்த ஆயிரக்கணக்கானவர்களைப் போலி என்று முத்திரை குத்தியது. நான் அப்போது ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்டேட் போடாதே, ஏதாவது வரும்" என்று என்னிடம் சொன்னவர்களுக்குக் கையில் ஆதாரம் இருந்தது. திருத்தத்தையும் காவலாளியையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினால் ஜனங்கள் வண்டியையே நிறுத்திவிடுவார்கள்.

பாதுகாப்பைத் தனி விலைக்கு விற்பது எனக்கு அதைவிடக் கோபம். 2023-இல் மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையில் அமெரிக்க அரசு அலுவலகங்களின் மின்னஞ்சலுக்குள் ஊடுருவல் நடந்தது. அதைக் கண்டுபிடிக்க உதவிய பதிவேடுகள் அதிக விலைத் திட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தன. விமர்சனம் எழுந்த பிறகு, அதே ஜூலையில், மற்றவர்களுக்கும் கூடுதல் கட்டணமின்றித் தருவதாக அறிவித்தார்கள். யார் உன் வீட்டுக்குள் வந்தார் என்ற பதிவேட்டுக்குத் தனிக் கட்டணம் வைத்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம் இலவசமாகத் தர வேண்டும், தொழில்நுட்ப ரீதியாக முடிந்த இடத்தில் அதைப் புதிய வசதிகளிலிருந்து பிரித்துத் தர வேண்டும் என்கிறது. நம் மென்பொருள் எழுதுபவர் தானாகச் செய்ததைத்தான் அது சட்டமாக்குகிறது. ஆனால் ஆக்டிவேஷன் சர்வரை மூடினால் என்ன என்பதற்கு அதில் விடை கிடைக்காது.

பதில்: மிக்சிங் செய்பவன்

ஒரு வேலைக் குறிப்பு மட்டும். நூல் முடிந்த அன்றே பிளக்-இன் போட்ட தடம் ஒவ்வொன்றையும் வேவ் (சுருக்கப்படாத சாதாரண ஒலி) கோப்பாக எழுதி, பதிவான மூலக் குரலோடு சேர்த்துப் பேக்கப்பில் வையுங்கள். அமைப்புகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் வைக்கலாம். வேவ் கோப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை. இடம் நிறையப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பதில்: ஒலித்தொகுப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. வெளியேற்றம், பாஸ்வேர்ட், விண்டோஸ் எல்லாம் முடிந்தது. மின்னஞ்சலில் நான் வைக்காத விதி ஒன்று உண்மையாகவே இருந்தது: "பில்" என்ற சொல் வந்தால் அதை எனக்குக் காட்டாமல் குப்பைக்கு அனுப்பும் விதி. யாராவது "இது நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்டிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது. நாற்பது பேரையும் போனில் அழைத்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கிராக் என்ற சொல்லையும் சேர்த்துத்தான். ஒரு பதிப்பகம் இனி கோப்பு அனுப்பப் போவதில்லை என்றது. அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நேர்வழி, நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் என் தவறு அவர்கள் செய்ததை அழித்துவிடாது. இரண்டும் நடந்தன, இரண்டையும் கணக்கில் வைக்க வேண்டும். புகார் எழுதியிருக்கிறேன், ரசீதோடு.

பழைய கோப்புகளைப் பார்த்தேன். அந்தப் பிளக்-இன்னை நம்பியிருக்கிற நூல்கள் பதினான்கு. மூலக் குரல் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ஒன்றொன்றாக வேறு கருவியில் மறுபடி சுத்தம் செய்து வேவாக எழுதி வைக்கப் போகிறேன். ஆர்டர் (Ardour) என்ற திறந்தமூல ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். இரைச்சல் நீக்குவதில் பழையதற்கு ஈடு இல்லை, வேலை மெதுவாகத்தான் போகிறது.

மென்பொருள் எழுதுபவரிடம் ஒன்று கேட்க வேண்டும். கடைசிச் சாவி பற்றிச் சொன்னீர்களே சார், அது உங்கள் லைசென்ஸில் எழுத்தில் இருக்கிறதா? நான் பிளக்-இன் வாங்கிய சிறிய நிறுவனமும் நல்லவர்கள்தான். விற்றுவிட்டுப் போனபோது அவர்கள் நல்லெண்ணம் கூடவே போகவில்லை.

பதில்: தனியாக மென்பொருள் எழுதுபவர்

இல்லை அம்மா, எழுத்தில் இல்லை. பத்தொன்பது வருடமாக என் மனதில் மட்டும்தான் இருக்கிறது. நான் நாளை இல்லாமல் போனால் என் வாடிக்கையாளரும் உங்கள் நிலையில்தான் நிற்பார்.

அடுத்த பதிப்போடு இந்த வாசகத்தைச் சேர்க்கிறேன். பழைய வாடிக்கையாளர்களுக்கும் தனியாக அனுப்புவேன். ஓட்டை இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், ஒரு வழக்கறிஞரிடமும் காட்டுகிறேன்:

"இப்பதிப்பின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்த நேர்ந்தால், நிறுத்தும் நாளுக்குத் தொண்ணூறு நாள் முன்பே, இணையமின்றி நிரந்தரமாகத் திறக்கும் சாவி பணம் செலுத்திய ஒவ்வொருவருக்கும் அனுப்பப்படும். அந்தச் சாவியின் ஒரு பிரதி மூன்றாம் நபர் ஒருவரிடம் இப்போதே ஒப்படைக்கப்பட்டுள்ளது. இம்மென்பொருளின் உரிமையை யார் வாங்கினாலும் இக்கடமை அவரையும் சேரும்."